பச்சைப்பொட்டு எஞ்சின்

"என் எஞ்சின் என் தம்பியக் கொல்லல. அத மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

எஞ்சினக்கா அழவில்லை. கையிலிருந்த எண்ணெய்த் துணியால் லேத்தின் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த இடம் எப்போதோ பளபளத்துவிட்டது.

எதிரே மர ஸ்டூலில் அத்தை உட்கார்ந்திருந்தார். காப்பீட்டுக் கம்பெனியில் பொய் சொல்லி இழப்பீடு கேட்கிறவர்களைப் பிடிப்பதையே வேலையாகப் பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு ஒத்துக்கொள்ளாமல் துப்பறியும் நிறுவனம் தொடங்கினார். நிறுவனம் என்றால் அவரும், அவர் பெண்ணைக் கட்டிக்கொண்ட மாப்பிள்ளையும்தான். மாப்பிள்ளை தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். பஸ் கம்பெனியை மூடிவிட்டார்கள், அவன் வாயை மூட ஆளில்லை. ஊரெல்லாம் 'மேடம்' என்று கூப்பிடும் மாமியாரை அவன் மட்டும் அத்தை என்று கூப்பிட்டான். நாமும் அப்படியே கூப்பிடலாம்.

"முதல்லேர்ந்து சொல்லும்மா" என்றார் அத்தை.

"முதல்லேர்ந்துன்னா எஞ்சின்லேர்ந்துதான் சொல்லணும்."

கல்குவாரிக் குளத்தில் ரிமோட் படகுப் பந்தயம் நெடுநாளாக நடக்கிறது. இரண்டு முழம் நீளப் படகு, உள்ளே நைட்ரோ எரிபொருளில் ஓடுகிற, கைக்குள் அடங்கும் எஞ்சின். பொம்மைதானே என்று நினைத்தால் ஏமாந்து போவோம். கரையோரச் சாலையில் போகிற மோட்டார் சைக்கிளை அது சாதாரணமாக முந்தும். முன்பெல்லாம் எஞ்சின் வெளிநாட்டிலிருந்துதான் வரும். அதன் விலையைக் கேட்டால் நல்ல சம்பளக்காரனுக்கே தொண்டை வறண்டுவிடும். அதனால் காரில் வந்து இறங்கும் நாலைந்து பேர் படகு விட்டார்கள், மற்றவர்கள் கம்பிவேலிக்கு வெளியே நின்று புகையை மோந்தார்கள்.

அந்த வேலிக்குள் மற்றவர்களைக் கூட்டி வந்தவள் எஞ்சினக்கா. பால் பேரிங்குக்குப் பதில் வெண்கல புஷ். வழவழப்பான அலுமினியப் பிஸ்டனுக்குப் பதில் வார்ப்பிரும்பு. அலங்காரத்துக்கென்று ஒரு கோடு கூடக் கிடையாது. வேகம் கொஞ்சம் குறைவு, விலையோ ரொம்பக் குறைவு. முதல் வருஷம் ஒரு தையற்காரர் வாங்கினார். அடுத்து லாரி டிரைவர், முடிதிருத்துகிறவர், பள்ளிக்கூட வாட்ச்மேன். இப்போது குளக்கரையில் கார்களைவிட சைக்கிள்கள் அதிகம். அவளுடைய எஞ்சினுக்கென்றே ஒரு தனிப் போட்டியும் வந்துவிட்டது.

"எல்லாருக்கும் ஒரே எஞ்சின். யாரும் உள்ள கை வைக்கக் கூடாது. அதுக்குத்தான் இது" என்று ஒரு எஞ்சினை எடுத்துக் காட்டினாள். தலைப்பகுதியின் திருகு ஒவ்வொன்றின் மேலும் ஒரு சொட்டுப் பச்சை பெயின்ட். "இந்தப் பச்சைய நானே கலக்கறேன். கடையில கிடைக்காது. திருகத் தொட்டா பொட்டு உடையும். உடைஞ்ச பொட்டோட வந்தா குளத்துல எறக்க விடமாட்டாங்க."

"கன்னத்துல வச்சா திருஷ்டிப் பொட்டு, திருகுல வச்சா திருட்டுப் பொட்டு" என்றான் மாப்பிள்ளை.

அத்தை அவனைத் திரும்பிப் பார்த்தார். அவன் கூரையைப் பார்த்தான்.

முந்தாநாள் பந்தயத்தில் நடந்ததைச் சொல்ல எஞ்சினக்காவுக்கு நேரம் பிடித்தது. நடுவில் நின்றுபோகிற படகுகளை ஒரு சின்னத் தோணியில் போய் எடுத்து வருவது அவள் தம்பியின் வேலை. துடுப்பு என்றே அவனுக்குப் பெயர். பந்தயம் முடிந்து விசில் ஊதியாயிற்று. எல்லாரும் எஞ்சினை அணைத்துவிட்டார்கள். அதே எஞ்சினை வாங்கியிருந்த பல் டாக்டர் ஒருவரின் படகும் கரைக்கு வருவது போலத்தான் வந்தது. துடுப்பு தோணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். டாக்டர் படகு நிற்கவில்லை. வளைந்து திரும்பி, முழு வேகத்தில் நேராகத் தோணிக்கே போயிற்று. அவன் குனிந்து தையற்காரரின் படகை எடுத்துக்கொண்டிருந்தான். கழுத்தில் பட்டது.

"டாக்டர் ரிமோட்ட அமுக்கிட்டேதான் இருந்தாரு. படகுக்குள்ள இருந்த பேட்டரி செத்துப் போச்சாம். மலிவு எஞ்சின், கார்புரேட்டர் தெறந்தபடி மாட்டிக்கிச்சு, அதான் கொன்னுடுச்சுன்னு பேசறாங்க. என் எஞ்சின்ல ஸ்பிரிங் இருக்குங்க. பேட்டரி செத்தா அது இழுத்து மூடிடும். எஞ்சின் நின்னே ஆகணும். எப்படி ஓடுச்சுன்னு எனக்கு வெளங்கல. தொட்டுப் பாக்கவும் விடமாட்டேங்கறாங்க. சாயங்காலம் பந்தயச் சங்கத்துல கூட்டம். பச்சைப்பொட்டத் தடை பண்ணப் போறாங்க."

"தடை பண்ணிட்டா?"

"தையற்காரர் மறுபடி வேலிக்கு வெளிய நிப்பாரு. அவ்வளவுதான்."

அத்தை மேஜைமேல் இருந்த எஞ்சினின் சக்கரத்தை விரலால் சுற்றினார். அது தயங்காமல் சுற்றியது.

"இப்படித்தான் சுத்தணுமா?"

"என் எஞ்சின் எல்லாம் இப்படித்தாங்க. வார்ப்பிரும்பு. வெளிநாட்டுச் சரக்குல பிஸ்டன் அலுமினியம், அது ஏறி எறங்கற ஸ்லீவ் பித்தளை. சூடானாத்தான் அது எடம் குடுக்கும். ஆறிக் கெடக்கறப்ப மேல வந்தா கிர்ருனு பிடிச்சுக்கும்."

அத்தை இன்னொரு முறை சுற்றிப் பார்த்துவிட்டு வைத்தார்.

வெளியே, பட்டறை வாசலில், எஞ்சினக்காவின் வீட்டுக்காரர் மாப்பிள்ளைக்கு டீ கொண்டுவந்து கொடுத்தார். மெலிந்த, அமைதியான மனிதர். விரல்கள் மட்டும் நீளமாக, சுத்தமாக இருந்தன. கண் சிவந்து வீங்கியிருந்தது. வீட்டில் அழுகிற வேலையை அவர்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார் போல.

"நீங்களும் எஞ்சின் வேலைதானா அண்ணே?"

"ஒரு காலத்துல வெளிநாட்டு எஞ்சின் வச்சிருந்தவங்க எல்லாம் எங்கிட்டதான் வருவாங்க. பிஸ்டன் பொருந்த வைக்கறதுல என்னை மிஞ்ச ஆள் கிடையாது." சிரித்தார். "இப்ப யாரு அதெல்லாம் வாங்கறா? பொட்டு வைக்கறதுக்கும் டப்பால அடைக்கறதுக்கும் நான். ஊருக்கு அவ அக்கா. நான் எஞ்சினக்கா வீட்டுக்காரர்."

"எனக்கும் அதே கதைதான். நான் மேடத்தோட மாப்பிள்ளை. நம்ம ரெண்டு பேரும் சேந்து சங்கம் ஒண்ணு ஆரம்பிக்கலாம்."

அவர் சிரிக்கவில்லை. குளம் இருந்த திசையைப் பார்த்தபடி, "சுண்டுவிரல் நகம் அளவு ஸ்பிரிங்குங்க" என்றார். "அது ஒண்ணு இல்லாமப் போயி ஒரு உசுரு போச்சு. மச்சினன்னு பேருதான், என் தோள்ல வளந்தவன்."

மாப்பிள்ளை தலையாட்டிவிட்டு டீயைக் குடித்தான்.

சங்கக் கட்டடம் குளக்கரையில் ஒரு தகரக் கூரை. செயலாளர் கழுத்துவரை பொத்தான் போட்டவர், பேச்சிலும் அப்படியே.

"கரையிலேயே படகோட எடுத்து இந்தப் பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன் மேடம். சாவி என் இடுப்புல. போலீஸ் விபத்துன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க. என்னைத் தவிர இதுவரைக்கும் ஒருத்தர் தொட்டதில்ல, பாத்ததும் இல்ல. கூட்டத்துலதான் வெளிய எடுக்கறதா இருந்தேன்."

"நான் பாக்கலாமா?"

"பாக்கலாம். கழட்டக் கூடாது."

படகின் மூக்கு நசுங்கியிருந்தது. அதை மாப்பிள்ளை பார்க்கவில்லை, பார்க்காமலிருக்க எஞ்சினைப் பார்த்தான். எரிபொருளில் கலக்கிற விளக்கெண்ணெயின் பழைய வாடை அடித்தது. எதையாவது செய்ய வேண்டுமே என்று கட்டைவிரலால் சக்கரத்தைச் சுற்றினான். பாதிச் சுற்று போயிற்று. பிறகு கிர்ரென்று ஒரு சத்தம். சக்கரம் நின்றுவிட்டது. விரல் வழுக்கி, நகம் கம்பியில் இடித்தது.

"அம்மா!"

"என்ன ஆச்சு?"

"கடிச்சிடுச்சு அத்தை. பல் டாக்டர் எஞ்சின்ல, பல் இருக்கும்போல."

அத்தை சிரிக்கவில்லை. அவனைத் தள்ளிவிட்டுத் தானே சுற்றினார். மேலே வந்ததும் அதே இடத்தில் பிடித்தது. திருப்பிச் சுற்றினார். மறுபடியும் பிடித்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெளியே பச்சைப்பொட்டு, உள்ளே வேறு சரக்கு.

"வெளிநாட்டுக் குடல வச்சுத் தச்சிருக்கான்" என்றான் மாப்பிள்ளை மெதுவாக. "டாக்டர்தான். நாள் பூரா சின்ன ஓட்டையில சின்ன கருவி விடறவரு. பொட்ட உடைச்சு, பிஸ்டன மாத்தி, திரும்பப் பச்சை அடிச்சு..."

"அந்தப் பச்சை கடையில கிடைக்காதுன்னு அந்தம்மா சொன்னாங்களே." அத்தை கைப்பையிலிருந்து நகம் ராவுகிற அரத்தை எடுத்தார். "செயலாளர் சார், ஒரே ஒரு பொட்ட ஓரத்துல லேசாச் சுரண்டிக்கறேன். திருகத் தொடமாட்டேன்."

செயலாளர் முகத்தைச் சுளித்தார், ஆனால் தலையாட்டினார். அத்தை கண்ணாடியை மேலேற்றிக்கொண்டு சுரண்டினார். பச்சை உதிர்ந்தது. அடியில் வெறும் இரும்பு.

"பழைய பொட்டு உடைஞ்சு மேல புதுப் பொட்டு வச்சிருந்தா, அடியில பழசு ஒட்டிக்கிட்டிருக்கும். திருகுத் தலையில திருப்புளி பட்ட கீறல் இருக்கும். இங்க ஒண்ணும் இல்ல. ஒரே பொட்டு, முதல் பொட்டு. இந்த எஞ்சின யாரும் பிரிக்கவே இல்ல மாப்பிள்ளை."

"பிரிக்காம எப்படி உள்ள போகும்? மாத்திரையா முழுங்குச்சு?"

அத்தை கார்புரேட்டரின் பக்கம் குனிந்தார். "இந்தக் கொக்கி ஏன் சும்மா தொங்குது?"

"அதைத்தான் நானும் கவனிச்சேன்" என்றார் செயலாளர். "அங்க ஸ்பிரிங் இருக்கணும். இல்ல. படகுக்குள்ள தேடிட்டேன், விழுந்தும் கிடக்கல. கூட்டத்துல சொல்லிக்கலாம்னு யார்கிட்டயும் வாய் திறக்கல."

பல் டாக்டர் தன் கிளினிக்கில் ஒரு நோயாளியின் வாயை அடைத்து அனுப்பிவிட்டு வந்தார். பெரிய உடம்பு, குழந்தை முகம். அறையின் அலமாரியில் சாந்தில் செய்த பல்வரிசைகளுக்கு நடுவே பந்தயக் கோப்பைகள் இரண்டு நின்றன. துடுப்பு செத்த பந்தயத்துக்கு முந்திய இரண்டு பந்தயங்களும் அவருடையவை. அதற்கு முன்னால், செயலாளர் சொன்னபடி, படகை ஒரு முறை கூடக் கரைக்கு ஒழுங்காகக் கொண்டுவந்து சேர்த்தவர் இல்லை.

"ராத்திரி தூக்கமே இல்ல மேடம்" என்றார். "அமுக்கறேன், அமுக்கறேன், நிக்கல. அந்தப் பையன் முதுகு எனக்கு நேரா இருந்தது."

அத்தை நேரே விஷயத்துக்கு வந்தார். "உங்க எஞ்சினுக்குள்ள இருக்கறது வெளிநாட்டுப் பிஸ்டன் டாக்டர்."

"இருக்காதே. பச்சைப்பொட்டுதானே அது? பொட்டோட வாங்கினேன், பொட்டோட இருக்கு. நாலு திருகு, ரெண்டு குழாய், படகுல வச்சு மாட்டினேன். வேற எதுவும் எனக்குத் தெரியாது. நான் கத்துக்கிட்டதே அவ்வளவுதான்."

"மத்த படகுங்கள விட உங்களுது வேகமாப் போச்சே. சந்தேகம் வரலையா?"

டாக்டரின் முகம் மெல்ல மெல்லச் சரிந்தது. மாப்பிள்ளை பொய் சொல்கிற எத்தனையோ முகங்களைப் பஸ்ஸில் பார்த்திருக்கிறான். டிக்கெட் எடுத்துவிட்டேன் என்று சொல்கிற முகங்கள். இது அது இல்லை.

"நான்..." என்றார் டாக்டர். "எனக்குக் கை வந்துடுச்சுன்னு நினைச்சேன். இவ்வளவு வருஷம் கழிச்சு எனக்கு ஓட்ட வந்துடுச்சுன்னு. வீட்டுல கூடச் சொன்னேன்."

 அவர் எழுந்து போய்க் கோப்பைகளை ஒவ்வொன்றாகச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். மாப்பிள்ளைக்கு நாக்கின் நுனியில் ஒரு நக்கல் இருந்தது. விழுங்கிவிட்டான்.

"எஞ்சின யார் கையில இருந்து வாங்கினீங்க?" என்று கேட்டார் அத்தை.

"பட்டறைலதான். டப்பாவோட. அந்தப் பையன்தான் எடுத்து நீட்டினான். துடுப்பு. 'டாக்டர் சார், இது உங்களுக்குன்னே தனியா வச்சது'ன்னு சொன்னான்."

மாப்பிள்ளையின் மோட்டார் சைக்கிள் பட்டறையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அத்தை பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தார். சாலையோரக் கடைகள் மதிய வெயிலில் பாதிக் கதவை இறக்கியிருந்தன.

"அத்தை, நான் வண்டியத் திருப்பிடறேன். வீட்டுக்குப் போயிடலாம்."

"ஏன்?"

"அந்தம்மாகிட்ட போயி என்னன்னு சொல்லுவீங்க? 'உன் எஞ்சின் கொல்லலம்மா, உன் தம்பியே திருட்டுப் பிஸ்டன வச்சுப் பொட்டு வச்சு வித்தான், அதுலயே அடிபட்டுச் செத்தான்'னா? அதுக்கு அந்தம்மாவுக்கு எஞ்சின் மேல பழி வந்தாலே தேவல."

"தனியா வச்சதுன்னு சொன்னான். நான் வச்சதுன்னு சொல்லலையே."

"நீங்க வக்கீல் மாதிரிப் பேசறீங்க."

"யோசிச்சுப் பாருங்க மாப்பிள்ளை. பொட்டு வைக்கறதுக்கு முன்னாடியே பிஸ்டன் மாறியிருக்கு. அது பட்டறைக்குள்ள நடந்த வேலை. ஜெயிக்கணும்னு பண்ணியிருந்தா நல்லா ஓட்டறவனுக்குக் குடுத்திருப்பாங்க. காசுக்குப் பண்ணியிருந்தா டாக்டர்கிட்ட சொல்லித்தானே வித்திருப்பாங்க? ஊர்லயே ஓட்டத் தெரியாத மனுஷனுக்கு, அவருக்கே தெரியாம, ஏன் குடுக்கணும்?"

மாப்பிள்ளை யோசித்தான்.  "எனக்கு மண்டை காயுது அத்தை. இவ்வளவு பெரிய அநியாயம், காரணம் பாத்தா ஒரு ஸ்பிரிங். அந்த அண்ணன் சொன்ன மாதிரி, சுண்டுவிரல் நகம் அளவு."

"எந்த அண்ணன்?"

"எஞ்சினக்கா வீட்டுக்காரர். காலைல டீ குடுக்கறப்ப சொன்னாரு. அது ஒண்ணு இல்லாமப் போயி ஒரு உசுரு போச்சுன்னு."

"வண்டிய நிறுத்துங்க."

நிறுத்தினான். அத்தை இறங்கி அவன் முன்னால் வந்து நின்றார்.

"ஸ்பிரிங் 'இல்லாமப் போயி'ன்னா சொன்னாரு? அறுந்து போயின்னு இல்ல? மாட்டிக்கிட்டுன்னு இல்ல?"

"இல்லாமப் போயின்னுதான்..." என்று தொடங்கியவனுக்கு வாக்கியம் பாதியில் நின்றது. ஸ்பிரிங் இல்லை என்பது தெரிந்தவர் செயலாளர் ஒருவர். அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. பீரோவின் சாவி அவர் இடுப்பில். பட்டறையில் இருக்கிற எஞ்சினக்காவே தன் எஞ்சினில் ஸ்பிரிங் இருந்தது என்று காலையில் சத்தியம் செய்தாள்.

அத்தை ஏறிக்கொண்டதும் மாப்பிள்ளை வண்டியைப் பட்டறைக்கு விரட்டினான்.

பட்டறையில் லேத் ஓடவில்லை. எஞ்சினக்கா கூட்டத்துக்குப் போகப் புடவை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்காரர் மூலையில் தன்னுடைய மேஜையருகே நின்றார். அந்த மேஜைமேல் ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள் பளபளக்கும் வெளிநாட்டு எஞ்சின் பாகங்கள். காலையில் மாப்பிள்ளை அதை அலங்காரம் என்று நினைத்திருந்தான்.

அத்தை சுற்றி வளைக்கவில்லை. சக்கரம் பிடித்துக்கொண்டதைச் சொன்னார். ஒற்றைப் பொட்டைச் சொன்னார். கடைசியில், "உங்க எஞ்சின் இல்லம்மா அது. உங்க எஞ்சினோட கூடு மட்டும்தான்" என்றார்.

எஞ்சினக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அவள் தோள் இறங்கியது. அன்றைக்கு முதல் தடவையாக அவள் மூச்சு விட்டது போலிருந்தது.

"அப்ப யாரு?"

"டாக்டருக்கு அந்த டப்பாவ எடுத்துக் குடுத்தது உங்க தம்பி."

  வீட்டுக்காரர் முன்னால் வந்து மனைவியின் தோளில் கை வைத்தார்.

"சின்ன வயசு. ஏதோ ஆசைல பண்ணிட்டான். போனவனப் பத்திப் பேசி என்ன ஆகப் போகுது? மேடம், இத வெளிய கொண்டுபோக வேண்டாம். எஞ்சின் மேல தப்பில்லன்னு மட்டும் சொல்லிடுங்க, போதும்."

இரக்கத்தோடுதான் சொன்னார். 

"அவன் பண்ணியிருந்தா" என்றார் அத்தை, "அந்தப் படகுல ஸ்பிரிங் இல்லன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சவன் அது நிக்கறதுக்கு முன்னாடி தோணிய எறக்குவானா?"

"ஸ்பிரிங் இல்லையா?" எஞ்சினக்கா நிமிர்ந்தாள். "ஸ்பிரிங் எப்படி இல்லாமப் போகும்?"

"உங்க வீட்டுக்காரரக் கேளுங்க. பூட்டின பீரோவுக்குள்ள இருக்கற எஞ்சின்ல ஸ்பிரிங் இல்லன்னு காலையிலேயே மாப்பிள்ளைகிட்ட சொல்லியிருக்காரு."

தோளில் இருந்த கை அப்படியே இருந்தது. எஞ்சினக்கா அந்தக் கையைப் பார்த்தாள், அதன் விரல்களைப் பார்த்தாள். பிறகு எழுந்து நின்றாள். கை தானாக விழுந்தது.

அவர் மறுக்கவில்லை. தன் மேஜையில் போய்ச் சாய்ந்துகொண்டார்.

"டப்பாவ எடுத்துக் குடுடான்னு நான்தான் சொன்னேன். அவனுக்கு ஒண்ணும் தெரியாது."

"ஏன்?" என்றாள் அவள்.

"டாக்டருக்கு ஓட்டத் தெரியாது. அதனாலதான். நல்லா ஓட்டறவன் ஜெயிச்சா அவன் கைன்னு சொல்லிடுவாங்க. இவரு ஜெயிச்சா எஞ்சினத்தானே சொல்லணும்? என் வேலைய ஒரு தடவையாவது அந்தக் குளத்துல நாலு பேரு பாக்கணும்னு நினைச்சேன். நான்தான்னு தெரிய வேண்டாம். பாத்தாப் போதும்." குரல் தேய்ந்தது. "பாத்தாங்க. முதல் தடவ ஜெயிச்ச அன்னைக்குக் கரையே கத்துச்சு. என்னன்னு கத்துச்சு? பச்சைப்பொட்டு, பச்சைப்பொட்டுன்னு. நீ வீட்டுக்கு வந்து என்ன சொன்ன? 'பாத்தீங்களா, இரும்புதானேன்னு சிரிச்சீங்களே, என் எஞ்சின் எப்படிப் பறந்துச்சு'ன்னு சொன்ன. அன்னைக்கே சொல்லிடலாம்னு வாயெடுத்தேன். நீ அவ்வளவு சந்தோஷமா இருந்த."

"ஸ்பிரிங்க ஏன் எடுத்தீங்க?"

"அது இழுத்துப் பிடிக்கும். எடுத்தா சட்டுனு திறக்கும், கெளம்பற வேகம் கூடும். ரெண்டு பந்தயம் நல்லாத்தானே நின்னுச்சு. பேட்டரி சாகும்னு நான் கண்டேனா?"

"ஸ்பிரிங் அதுக்காகத்தான் வச்சேன்" என்றாள் எஞ்சினக்கா. "சாகும்னு யாரும் காண மாட்டாங்கன்னுதான் வச்சேன்."

 சுவரோரமாகப் போய் போனை எடுத்துச் செயலாளருக்குப் பேசினாள். எஞ்சினைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் பிரியுங்கள் என்றாள். உள்ளே பித்தளை ஸ்லீவ் இருக்கும் என்றாள். யார் வைத்தது என்று மறுமுனை கேட்டிருக்க வேண்டும். "கூட்டத்துக்கு வந்து சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

அத்தை வீட்டுக்காரரிடம் திரும்பினார். "போலீஸ்ல நீங்களா போய்ச் சொன்னா ஒரு மாதிரி. நான் சொன்னா வேற மாதிரி. மாப்பிள்ளை கூட்டிட்டுப் போவாரு."

அவர் தலையாட்டினார். குழாயடியில் கை கழுவினார், விரல் விரலாக. சட்டை மாற்றிக்கொண்டார். வாசல்வரை போனவர் நின்றார். திரும்பாமல் கேட்டார்.

"நல்லா ஓடுச்சு, இல்லையா? நீ தொழில் தெரிஞ்சவ. நீயே சொல்லு."

அத்தைக்கே அந்தக் கேள்வியைக் காதில் வாங்கச் சகிக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார். எஞ்சினக்கா மட்டும் அவர் முதுகைப் பார்த்தபடி நின்றாள். அவள் பொய் சொல்லியிருக்கலாம். எதுவும் சொல்லாமலும் இருந்திருக்கலாம்.

"ஓடுச்சு" என்றாள். "இந்தக் குளத்துல அந்த மாதிரி நான் பாத்ததில்ல. உங்க கை நல்ல கை. அந்தக் கையால இனி என் வீட்டுல சோறு சாப்பிடாதீங்க."

பட்டறை கேட்டுக்கு வெளியே பலர் நின்றிருந்தார்கள். சங்கக் கூட்டத்துக்குப் போகிற வழியில் எஞ்சினக்காவையும் அழைத்துக்கொண்டு போக வந்தவர்கள். லாரி டிரைவர், பள்ளிக்கூட வாட்ச்மேன், கக்கத்தில் கழற்றிய எஞ்சினோடு முடிதிருத்துகிறவர். செயலாளர் அதற்குள் யாருக்கோ போனில் சொல்லியிருக்க வேண்டும். எல்லார் முகமும் வெளிச்சமாக இருந்தது.

தையற்காரர்தான் முதலில் ஓடிவந்தார். மாப்பிள்ளை குறுக்கே கை நீட்டுவதற்குள், வீட்டுக்காரரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, தெரியுமா? நம்ம எஞ்சின் இல்லையாம்! தடை கிடையாதாம்! நாங்க எங்க போறதுன்னு ரெண்டு நாளா சோறு எறங்கல அண்ணே. துடுப்பு ஆத்மா இப்பதான் சாந்தி அடையும். உங்க வீட்டு எஞ்சின் தப்பிச்சுடுச்சு!"

மற்றவர்களும் சூழ்ந்துகொண்டார்கள். யாரோ முதுகில் தட்டினார்கள். யாரோ, "அக்கா எங்கே, அக்காவக் கூப்பிடுங்க" என்றார்கள். வீட்டுக்காரர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. தையற்காரர் குலுக்கக் குலுக்க அது அவர் பிடிக்குள்ளேயே கிடந்தது.

"ஆமா" என்றார். "அது தப்பிச்சுடுச்சு."